வீட்டில் தொடங்கிய பிரசவம் மருத்துவமனைக்கு மாறும்போது: இங்கிலாந்துத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் அரசுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.-இன் மிட்வைஃப்கள் (பேறுகால மருத்துவச்சிகள்) வீட்டுக்கே வந்து பிரசவம் பார்க்கிறார்கள். சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் இதைக் கேட்டு வாங்கலாம், செலவு கிடையாது. வீட்டில் வலி எடுத்த எல்லாருக்கும் வீட்டிலேயே பிள்ளை பிறந்துவிடுவதில்லை. நடுவில் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டி வந்தால் யார் முடிவு செய்வார்கள், எப்படிப் போவது, வீட்டில் எதைத் தயாராக வைப்பது என்பவை மட்டும் இந்தப் பக்கத்தில் உள்ளன. வீட்டில் பெறலாமா, மருத்துவமனையில் பெறலாமா என்ற வாதத்துக்குள் நாங்கள் அதிகம் போகவில்லை.

எத்தனை பேர் இப்படி மாற வேண்டியிருக்கிறது?

தலைப்பிரசவம் என்றால் நூற்றுக்கு 45 பேர். ஏற்கெனவே பெற்றவர்கள் என்றால் நூற்றுக்கு 12 பேர். ஆபத்துக் குறைந்த கர்ப்பிணிகள் 64,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து பார்த்து, 2011-இல் வெளியான 'பர்த்பிளேஸ்' ஆய்வின் கணக்கு இது. பிள்ளை பிறந்த பிறகு தையலுக்கோ நஞ்சுக்கொடிக்கோ போனவர்களும் இந்தக் கணக்கில் உண்டு.

முதல் பிள்ளையை வீட்டில் பெறத் திட்டமிடும் ஒருவர், கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி மருத்துவமனைக்குப் போகப்போகிறார் என்று எண்ணியே தயாராக வேண்டும். 'அப்படி எதுவும் வராது' என்று பையைக்கூடக் கட்டாமல் இருப்பது சரியல்ல.

தலைப்பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்வதில் குழந்தைக்கு ஆபத்து கூடுதலா?

கொஞ்சம் கூடுதல்தான். குழந்தை இறப்பது, மூளை பாதிக்கப்படுவது, தோள் பகுதி நரம்போ எலும்போ காயப்படுவது போன்றவற்றை ஒன்றாகச் சேர்த்து அதே ஆய்வு எண்ணியது. தலைப்பிரசவத்தை வீட்டில் திட்டமிட்டவர்களில் 1,000-க்கு 9.3 பேருக்கும், மருத்துவமனையில் மருத்துவர்கள் நடத்தும் பிரிவில் திட்டமிட்டவர்களில் 1,000-க்கு 5.3 பேருக்கும் இப்படி நேர்ந்தது. இரண்டாவது பிள்ளையிலிருந்து இந்த வித்தியாசம் தென்படவில்லை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். மருத்துவமனை வளாகத்திலேயே மிட்வைஃப்கள் நடத்தும் பிரிவு இருந்தால், தலைப்பிரசவத்துக்கு அதையும் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்பது எங்கள் யோசனை. அங்கே இடம் மாறுவது பெரும்பாலும் ஒரு நடைபாதையைத் தாண்டுவதுதான்.

பெரும்பாலும் என்ன காரணத்துக்காகப் போகிறார்கள்?

வலி இருந்தும் பிரசவம் நகராமல் நிற்பது. மாறியவர்களில் மூன்றில் ஒரு பங்கு இதுதான். அடுத்து, பனிநீரில் (பனிக்குடத்து நீரில்) குழந்தையின் மலம் கலந்திருப்பது, சுமார் 12 சதவீதம். பிறந்த பிறகு வீட்டில் போட முடியாத தையல் 11 சதவீதம். குழந்தையின் இதயத் துடிப்பில் சந்தேகம் 7, நஞ்சுக்கொடி வராமல் நிற்பது 7, முதுகில் போடும் வலிமறப்பு ஊசியான எபிடூரல் கேட்பது 5, பிறந்த குழந்தையைப் பற்றிய கவலை 5.

பலர் மனதில் ஓடும் காட்சி நீல விளக்கு, சைரன், ஓட்டம். மேலே உள்ள பட்டியலில் அதற்கு இடம் குறைவு. பெரும்பாலானவர்கள் களைத்துப் போய், யோசித்து, பல் துலக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள்.

மிட்வைஃப் எதைப் பார்த்து 'கிளம்பலாம்' என்கிறார்?

வீட்டில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். உண்மையில் மணி பார்த்துக்கொண்டே இருப்பார். வலி நன்றாகப் பிடித்த பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை, வலி ஓய்ந்த உடனே, முழுதாக ஒரு நிமிடம் டாப்ளரிலோ பினார்டு குழலிலோ குழந்தையின் துடிப்பைக் கேட்பார். முக்கத் தொடங்கியதும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. தாயின் நாடி மணிக்கு ஒருமுறை. இரத்த அழுத்தமும் காய்ச்சலும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி ஓய்ந்த உடனே கேட்பதற்குக் காரணம் உண்டு: வலியின்போது இறங்கிய துடிப்பு உடனே மீள்கிறதா, இழுத்துக்கொண்டு மீள்கிறதா என்பது அந்த ஒரு நிமிடத்தில்தான் பிடிபடும்.

துடிப்பு 110-க்குக் கீழேயோ 160-க்கு மேலேயோ போனால், அல்லது இறங்கி ஏறுவது கேட்டால், மருத்துவமனைப் பேச்சு தொடங்கும். தாய்க்கு ஒரே தடவை 38 டிகிரி காய்ச்சல், அல்லது ஒரு மணி நேர இடைவெளியில் இருமுறை 37.5, நாடி 120-ஐத் தாண்டி, மறுபடி பார்த்தபோதும் இறங்காதது, இரத்த அழுத்தம் இருமுறை 140/90 அல்லது ஒரே முறையிலேயே மேல் அளவு 160, கீழ் அளவு 110 தொடுவது ஆகியவையும் அப்படியே. உதிரம் கலந்த சளி வருவது இயல்பு. அதைத் தாண்டி இரத்தம் வந்தால் அளவு குறைவாக இருந்தாலும் போக வேண்டியதுதான். வலிக்கும் வலிக்கும் நடுவே விடாமல் ஒரே இடத்தில் வலிப்பதும் அந்த வகை. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். பனிக்குடம் உடைந்து 24 மணி நேரத்துக்குப் பிறகும் வலி பிடிக்கவில்லை என்றால் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு ஏறுகிறது. அப்போதும் இடம் மாறச் சொல்வார்.

'நகரவில்லை' என்பதற்கும் அளவு உண்டு. கருப்பை வாய் 4 மணி நேரத்தில் 2 சென்டிமீட்டர்கூடத் திறக்கவில்லை என்றால் தாமதம். தலைப்பிரசவத்தில் தீவிரமாக முக்கத் தொடங்கி 2 மணி நேரமாகியும் பிறப்பு நெருங்கவில்லை என்றால் தாமதம். முன்பு பெற்றவருக்கு 1 மணி நேரம். அந்தக் கடைசி நிமிடம் வரை காத்திருந்துவிட்டு வண்டியைக் கூப்பிடுவது கெட்டிக்காரத்தனம் இல்லை. பயண நேரத்தை முன்கூட்டியே கழித்துத்தான் நல்ல மிட்வைஃப் கணக்குப் போடுவார். 'இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போமே' என்று அவரிடம் பேரம் பேசுவதற்கு முன், அந்த ஒரு மணி நேரத்தோடு சாலையில் ஆகும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்.

பனிநீர் பச்சையாக வந்தால் உடனே போக வேண்டுமா?

லேசான மஞ்சள், இளம்பச்சைச் சாயல் என்றால் மிட்வைஃப் முழு நிலையையும் பார்த்துச் சொல்வார். கரும்பச்சையாகவோ கருப்பாகவோ, கெட்டியாகவோ, கட்டி கட்டியாகவோ இருந்தால் போக வேண்டும். அந்த மலத்தைக் குழந்தை நுரையீரலுக்குள் இழுத்துவிட்டால் பிறந்ததும் மூச்சுத் திணறும். குழந்தை மருத்துவர் பக்கத்தில் இருப்பது நல்லது. நனைந்த பேடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெள்ளை பேடில் நிறம் தெளிவாகத் தெரியும், மிட்வைஃபிடம் காட்டுங்கள். கறுப்பு உள்ளாடையிலோ அடர்நிறத் துண்டிலோ ஒன்றும் தெரியாது.

வலி தாங்க முடியவில்லை. எபிடூரல் வேண்டும் என்றால் மிட்வைஃப் மனம் நோகுமா?

நோகாது, நொந்தாலும் அது உங்கள் பாடு இல்லை. 'எனக்கு எபிடூரல் வேண்டும்' என்ற ஒரு சொல் போதும், காரணம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நேரம் பிடிக்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். கிளம்பி, போய்ச் சேர்ந்து, இரத்த அழுத்தம் பார்த்து, கையில் ஊசி வழி போட்டு, மயக்க மருத்துவர் வந்து போடுவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடலாம். அதனால் தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் வரும்போதே சொல்லுங்கள்.

காரில் போகலாமா, ஆம்புலன்ஸ்தானா?

எல்லா மாற்றத்துக்கும் ஆம்புலன்ஸ்தான் என்று பல டிரஸ்ட்கள் (மருத்துவமனைகளை நடத்தும் என்.எச்.எஸ். அமைப்புகள்) விதி வைத்திருக்கின்றன. உங்கள் டிரஸ்டில் எப்படி என்று 36-ஆம் வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள். காரில் போகலாம் என்று மிட்வைஃப் சொன்னால், துடிப்பு சீராக இருக்கிறது, இரத்தம் இல்லை, முக்கும் உணர்வு இல்லை என்று பொருள். அப்போது கணவரோ வேறு ஒருவரோ ஓட்ட வேண்டும். வலியில் இருப்பவர் பின்சீட்டில், பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே தொடையை ஒட்டி வருமாறு உட்கார வேண்டும். மிட்வைஃப் தன் காரில் உங்களை ஏற்றிக்கொள்வார் என்று எண்ணாதீர்கள். பொதுவாக அவர் பின்னால் தனியாக வருவார். டாக்ஸி வேண்டாம்.

999-க்கு யார் பேசுவது? என்ன சொல்ல வேண்டும்?

மிட்வைஃப் இருந்தால் அவர் பேசுவார், அல்லது தன் கைகள் வேலையில் இருந்தால் உங்களைப் பேசச் சொல்வார். அவர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். 'கொஞ்சம் பிரச்சினை' என்று மழுப்ப வேண்டாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் முதல் வகை அழைப்பு. இதற்கு வண்டி சராசரியாக 7 நிமிடத்தில் வர வேண்டும் என்பது இலக்கு. இரண்டாம் வகைக்கு 18 நிமிடம். இலக்கு வேறு, நடப்பு வேறு: 2022 டிசம்பரில் இரண்டாம் வகையின் சராசரியே ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. உங்கள் பகுதியில் இப்போது எப்படி இருக்கிறது என்பதை உங்கள் மிட்வைஃப் குழு அறிந்திருக்கும். வெட்கப்படாமல் கேளுங்கள்.

அஞ்சல் குறியீடு, வீட்டு எண், எந்த மாடி, வாசல் குறியீட்டு எண், லிஃப்ட் வேலை செய்கிறதா ஆகிய ஐந்தையும் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த அஞ்சல் குறியீடே மறந்து போகும்.

முடிவெடுத்ததிலிருந்து மருத்துவர் பார்க்கும்வரை எவ்வளவு நேரம்?

இங்கிலாந்துக் கணக்கில் நடுவான நேரம் சுமார் 50 நிமிடம். அவசரமாகக்கூடிய காரணங்களுக்கு, பிறப்பதற்கு முன் மாறியவர்களில், 40 நிமிடத்தைச் சற்றுத் தாண்டியது. வீடு மருத்துவமனையிலிருந்து 10 நிமிடத் தூரம் என்றாலும் இந்த நேரம் 10 நிமிடமாகச் சுருங்காது. வண்டி வருவது, படியிறக்குவது, ஏற்றுவது, அங்கே அறைக்குப் போவது எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. பயண தூரத்தை மட்டும் பார்த்து ஆறுதல் அடைகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

வீட்டில் எதைத் தயாராக வைக்க வேண்டும்?

முதலில் வழி. ஸ்ட்ரெச்சர் நுழைய முடியாத வீடுகள்தான் அதிகம். ஆம்புலன்ஸ்காரர்கள் மடக்கு நாற்காலியில் உட்கார வைத்துப் படியில் இறக்குவார்கள். அதனால் படிக்கட்டில் செருப்பு அடுக்கு, குழந்தை வண்டி, சைக்கிள் இருக்கக்கூடாது. மாடி அறையில் பிரசவம் என்று திட்டமிட்டவர்கள் குறுகிய வளைவுப் படியா என்று ஒருமுறை நின்று பாருங்கள். அப்படி என்றால் கீழ்த்தள முன்னறை மேல். வலி வந்ததும் முன்வாசல் விளக்கைப் போட்டு விடுங்கள். வாசலுக்கு முன் நிற்கும் உங்கள் காரை நகர்த்தி, வண்டி நிற்க இடம் விடுங்கள். நாய் இருந்தால் வேறு அறையில் அடையுங்கள்.

தண்ணீர்த் தொட்டியில் பிரசவம் என்றால், வெளியே ஏற வழுக்காத பாய் ஒன்று, பெரிய துண்டுகள் நான்கைந்து, கையெட்டும் தூரத்தில் ஒரு மேலங்கி. தலை சுற்றுகிறது, துடிப்பு சரியில்லை என்றால் மிட்வைஃப் முதலில் சொல்வது 'எழுந்து வெளியே வாங்க' என்பதுதான். கால் வலுவாக இருக்கும்போதே வெளியே வர வேண்டும். மயங்கிய ஒருவரைத் தண்ணீரிலிருந்து தூக்குவது இரண்டு பேர் சேர்ந்தாலும் கடினம். தண்ணீரைக் காலி செய்யும் வேலையை அப்போது தொடங்க வேண்டாம்.

பையில் கர்ப்பக் குறிப்பேடு அல்லது அதைப் பார்க்கும் மொபைல் செயலியின் கடவுச்சொல், தாய்க்கு முன்பக்கம் திறக்கும் இரவு உடை இரண்டு, பெரிய பேட் இரண்டு பொதி, குழந்தைக்குத் தொப்பி இரண்டு, உடை மூன்று, போர்வை, நாப்கின். மொபைல் சார்ஜர், நீளமான வயருடன். பழச்சாறு, பிஸ்கட். செருப்பு, கண்ணாடி அணிபவர் என்றால் கண்ணாடி. குழந்தைக்கான கார் சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவது வழக்கமான மறதி. வீடு திரும்பும்போது காரில் அது கட்டாயம். பையை வாசலில் வையுங்கள், படுக்கையறையில் அல்ல.

மூத்த பிள்ளை இருந்தால், நள்ளிரவு 2 மணிக்குக் கதவைத் தட்டினால் வரக்கூடிய ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாவது ஆள் ஒருவரும். முதலாமவர் எடுக்காத போன் என்பது நிச்சயம் நடக்கும் ஒன்று.

ஆம்புலன்ஸுக்குள் எப்படி இருக்கும்? யார் கூட வரலாம்?

மல்லாந்து படுக்க வேண்டாம், இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். மல்லாந்தால் கருப்பையின் கனம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தி, இரத்த அழுத்தத்தைக் குறைத்துவிடும். பட்டைகளால் கட்டுவார்கள். வலிக்கு என்டோனாக்ஸ் வாயு அங்கேயும் உண்டு. மிட்வைஃப் பெரும்பாலும் கூடவே ஏறுவார். உடன் வருகிறவர் ஒருவர்தான், அதுவும் இடம் இருந்தால். அம்மாவோ மாமியாரோ, 'நானும் வாறேன்' என்று வாசலில் நிற்பார்கள். அவர்களை மூத்த பிள்ளையோடு வீட்டில் இருத்துவது பெரிய உதவி என்று முன்னாடியே சொல்லி வையுங்கள். பின்னால் காரில் வருகிறவர் ஆம்புலன்ஸை ஒட்டி ஓட்டக்கூடாது. சிவப்பு விளக்கில் அவர் நிற்க வேண்டும்.

மிட்வைஃப் வரும் முன்போ வழியிலோ குழந்தை வந்துவிட்டால்?

காரை ஓரம் நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, 999-ஐ ஸ்பீக்கரில் வையுங்கள். இழுக்காதீர்கள், தானாக வரும் குழந்தையைக் கையில் தாங்குங்கள். ஈரத்தைத் துடைத்து, ஈரத்துணியை எறிந்து, தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்து, இருவரையும் போர்த்தி, குழந்தையின் தலைக்குத் தொப்பி. காரில் ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். தொப்புள்கொடியை அறுக்கவோ கட்டவோ வேண்டாம். நஞ்சுக்கொடி வந்தால் அதை மட்டும் ஒரு பையில் போட்டு, குழந்தையை ஒட்டியே வைத்து எடுத்துச் செல்லுங்கள். குழந்தை அழவில்லை என்றால் துண்டால் முதுகைத் தேய்த்துக்கொண்டே 999 சொல்வதைச் செய்யுங்கள்.

பனிக்குடம் உடைந்ததும் தொப்புள்கொடி வெளியே தெரிகிறது. என்ன செய்வது?

அரிது, ஆனால் இதில் நிமிடங்கள் எண்ணப்படும். குழந்தையின் தலை கொடியை அழுத்தினால் பிராணவாயு நின்றுபோகும். எனவே தலையை மேலே தள்ளி வைப்பதுதான் முழு நோக்கம். 999. தாய் முட்டியிட்டு, நெஞ்சு தரையை ஒட்ட, பின்பக்கம் உயர்ந்திருக்கக் கவிழ வேண்டும். கொடியைத் தொட்டுப் பார்க்காதீர்கள். தொடுவதாலும் குளிர்வதாலும் அது சுருங்கி இரத்தம் நிற்கும். மிட்வைஃப் உறை அணிந்த கையால் தலையை உள்ளே உயர்த்திப் பிடிப்பார், சிறுநீர்ப்பையில் குழாய் போட்டு சுமார் 500 மில்லி திரவம் ஏற்றி அதை ஒரு மெத்தைபோல ஆக்கலாம். ஓடும் வண்டியில் முட்டியிட்டுக் கவிழ்வது ஆபத்து. அங்கே இடது பக்கம் ஒருக்களித்து, இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து ஏற்றிப் போவார்கள். மருத்துவமனையில் பெரும்பாலும் உடனடி சிசேரியன். 30 நிமிடத்துக்குள் செய்ய வேண்டிய, அவசரத்தில் முதல் வகைச் சிசேரியன் அது.

தலை வந்த பிறகு குழந்தையின் தோள் மாட்டிக்கொண்டால்?

அதைச் சரிசெய்ய ஆம்புலன்ஸுக்கு நேரம் இல்லை, அங்கேயே தீர்க்க வேண்டும். மிட்வைஃப் முழங்கால்களை வயிற்றோடு மடக்கச் சொல்வார், உடன் வந்த இரண்டாவது மிட்வைஃப் வயிற்றின் கீழ்ப்பகுதியில், இடுப்பின் முன்னெலும்புக்கு மேலே, அழுத்துவார். பிறகு நான்கு காலில் நிற்கச் சொல்லலாம். அவர்கள் சொல்வதைக் கேள்வி கேட்காமல் செய்யுங்கள். 999 அழைப்பது குழந்தைக்குப் பிறந்த பின் உதவி தேவைப்படலாம் என்பதற்காக.

இரத்தம் அதிகமாகப் போனால் வீட்டில் மருந்து இருக்குமா?

இருக்கும். மிட்வைஃபின் வீட்டுப் பிரசவப் பையில் கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசை ஊசி உண்டு, அதற்கு மேலும் வேறு மருந்துகள் உண்டு. பிறந்த பின் 500 மில்லிக்கு மேல் போவது அதிக உதிரப்போக்கு. கண்ணால் பார்த்து அளப்பது ஏறத்தாழ எப்போதும் குறைத்தே காட்டும். அதனால் நனைந்த பேட்களை மிட்வைஃப் எடை போடுவார்: ஒரு கிராம், ஒரு மில்லி என்று கணக்கு. தொட்டித் தண்ணீரில் கலந்துவிட்டால் அளப்பதே கடினம், அதனால்தான் பிறந்ததும் பல நேரம் வெளியே வரச் சொல்கிறார்கள்.

கருப்பை இறுகாமல் தளர்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். மிட்வைஃப் தொப்புள் பக்கம் வயிற்றை அழுத்தித் தேய்ப்பார், சிறுநீர்ப்பையைக் காலி செய்வார் (நிறைந்த பை கருப்பையை இறுக விடாது), ஊசி போடுவார். அதற்கும் நிற்கவில்லை என்றால் உறை அணிந்த கையை உள்ளே வைத்து, மறுகையால் வெளியே இருந்து கருப்பையை அழுத்திப் பிடிப்பார். வண்டி மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பிடி தொடரலாம். பார்ப்பவருக்குக் கொடுமையாகத் தெரியும். அந்தப் பிடிதான் அப்போது இரத்தத்தை நிறுத்தி வைப்பது.

நஞ்சுக்கொடி வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

ஆக்ஸிடோசின் ஊசி போட்டிருந்தால் 30 நிமிடம், போடாமல் இயல்பாகக் காத்திருந்தால் 60 நிமிடம். இரத்தம் போகிறது என்றால் அந்த நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சிறுநீர் கழிப்பது, நிமிர்ந்து உட்காருவது, குழந்தையைப் பாலருந்த விடுவது சில நேரம் பயன் தரும். கொடியைப் பிடித்து இழுக்கும் வேலையை வீட்டில் உள்ள எவரும் செய்யக்கூடாது. மருத்துவமனையில் முதுகுத்தண்டு மயக்கம் கொடுத்துக் கையால் எடுப்பார்கள்.

தாய் நலம், குழந்தைக்கு மட்டும் உதவி வேண்டும் என்றால்?

மிட்வைஃப் வீட்டிலேயே மூச்சு கொடுக்கத் தொடங்குவார். அதற்கு உறுதியான, சமமான, உலர்ந்த ஒரு மேசையும் அதில் கம்பளித் துணியும் வேண்டும், சோபா உதவாது. அறை 23 முதல் 25 டிகிரி வெப்பத்தில், ஜன்னல் மூடி இருக்கட்டும். குளிர்ந்த குழந்தை மூச்சுக்கும் சர்க்கரை அளவுக்கும் சேர்த்துப் போராட வேண்டும். வீட்டுக்கு வரும் மிட்வைஃப்கள் இருவர். ஒருவர் குழந்தையோடு, மற்றவர் தாயோடு என்று பிரியவே அந்த ஏற்பாடு. வாய்ப்பிருந்தால் இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். முடியாதபோது குழந்தையோடு அப்பா போகட்டும்.

போனதும் என்ன செய்வார்கள்? எல்லாம் நம் விருப்பத்துக்கு வெளியே போய்விடுமா?

லேபர் வார்டில் உங்கள் வருகையை முன்பே சொல்லியிருப்பார்கள். மிட்வைஃப் நிலைமையை ஒப்படைப்பார்: என்ன நேரம் வலி தொடங்கியது, எவ்வளவு திறந்தது, என்ன கொடுத்தார், ஏன் வந்தோம். வயிற்றில் குழந்தையின் துடிப்பைப் பதியும் சிடிஜி பட்டை, கையில் ஊசி வழி, இரத்த மாதிரி, மீண்டும் உள்பரிசோதனை. நகராத பிரசவம் என்றால் பனிக்குடத்தை உடைப்பது, பிறகு ஆக்ஸிடோசின் டிரிப். டிரிப் போட்டால் துடிப்பைத் தொடர்ந்து கண்காணிப்பார்கள், வலியும் கூடும். அதற்கு முன்பே எபிடூரல் பற்றிப் பேசி வைப்பது நல்லது.

ஒவ்வொன்றுக்கும் சம்மதம் கேட்பது அவர்கள் கடமை. 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரி வழக்கில், அந்தப் பெண்ணுக்கு முக்கியமாகப் படக்கூடிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் மருத்துவர் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 'இதைச் செய்யாவிட்டால் என்ன? அரை மணி நேரம் கழித்துச் செய்யலாமா?' என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. விளக்கை மங்க வைக்க, நிமிர்ந்து நிற்க, தொப்புள்கொடியைச் சற்றுப் பொறுத்து வெட்ட, நெஞ்சில் குழந்தையை வைக்க மருத்துவமனையிலும் கேட்கலாம். பிறப்புத் திட்டத்தில் 'மாறினாலும் இவை வேண்டும்' என்று ஒரு பக்கம் தனியாக எழுதிப் பைக்குள் வையுங்கள்.

வீட்டுக்கு வந்த மிட்வைஃப் தொடர்ந்து கூடவே இருப்பாரா என்பது ஊருக்கு ஊர் வேறு. அவர் வேலை நேரம் முடிந்திருந்தால் ஒப்படைத்துவிட்டுப் போக நேரிடும்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது.

மொழிபெயர்ப்பாளர் இலவசம், நள்ளிரவில் தொலைபேசி வழியே தமிழ் கிடைக்கும். 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை' என்று கர்ப்பக் குறிப்பில் இப்போதே எழுதச் சொல்லுங்கள். கணவர் மொழிபெயர்ப்பது வசதிதான், ஆனால் சம்மதம் கேட்கும் நேரத்தில் அவரும் பதறியிருப்பார். பத்து வயது மகளை மொழிபெயர்க்க வைப்பது வேண்டவே வேண்டாம்.

நான் போக மாட்டேன் என்றால்?

சுயநினைவோடு புரிந்துகொண்டு முடிவெடுக்கும் பெண்ணை யாரும் பலவந்தமாக ஏற்ற முடியாது. மிட்வைஃபும் விட்டுவிட்டுப் போய்விட மாட்டார். அவர் தன் மேலாளரை அழைப்பார், மருத்துவரோடு போனில் பேச வைப்பார், சொன்னதை எழுதி வைப்பார். மறுப்பதற்கு முன் ஒரே கேள்வியை மட்டும் கேளுங்கள்: 'இப்போது போவதற்கும் ஒரு மணி நேரம் கழித்துப் போவதற்கும் என்ன வித்தியாசம்?' பதிலில் 'அவசரமில்லை' என்று வந்தால் பேசலாம். 'இப்போதே' என்று வந்தால் ஏறுங்கள்.

விசாவில் இருக்கிறோம். ஆம்புலன்ஸுக்கும் மருத்துவமனைக்கும் காசா?

999 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. குடியேற்ற சுகாதாரக் கட்டணம் கட்டி விசா பெற்றவர்களுக்கு மருத்துவமனையும் அப்படியே. சுற்றுலா விசாவில் வந்தவருக்குப் பின்னால் பில் வரலாம், ஆனால் பிரசவச் சிகிச்சையைப் பணம் கட்டவில்லை என்று தாமதப்படுத்தக் கூடாது என்பது விதி.

அன்றைக்கு மிட்வைஃப் வர ஆள் இல்லை என்று சொல்லிவிட்டால்?

ஆள் பற்றாக்குறையால் சில டிரஸ்ட்கள் வீட்டுப் பிரசவச் சேவையை அவ்வப்போது நிறுத்தி வைக்கின்றன. வலி தொடங்கியதும் முதல் போனில் 'இன்று வருவார்களா?' என்று கேட்டுவிடுங்கள். வர மாட்டார்கள் என்றால் மருத்துவமனைதான். மிட்வைஃப் இல்லாமல் வீட்டில் காத்திருப்பது வேறு ஒரு முடிவு, அதைப் பற்றி இந்தப் பக்கம் பேசவில்லை.

தமிழ்நாட்டில் இருக்கும் தங்கைக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. மேலே சொன்ன இரண்டு மிட்வைஃப், ஊசி, ஒப்படைப்பு என்ற ஏற்பாடு அங்கே இல்லை. தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம் என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. வலி வந்ததும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவதுதான் அங்கே சரி. இங்கே படித்ததை வைத்துக் கைபேசி பார்த்து வீட்டில் முயல வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகு?

நடந்தது என்னவென்று புரியாமல் மாதக்கணக்கில் மனதில் உருட்டுகிறவர்கள் உண்டு. பல மருத்துவமனைகளில் பிறப்புக்குப் பின் குறிப்பேட்டைத் திறந்து வைத்துப் பேசும் சேவை இருக்கிறது. மிட்வைஃப் மூலம் நேரம் வாங்குங்கள். உங்கள் குறிப்பேட்டின் நகலைக் கேட்கவும் உரிமை உண்டு.

வீட்டில் விட்டு வந்த வாயு உருளையையும் மருந்துப் பெட்டியையும் தொட வேண்டாம். அடுப்புக்கும் பீடி சிகரெட்டுக்கும் தள்ளி வைத்துவிட்டு மிட்வைஃப் அலுவலகத்துக்குப் போன் செய்தால் வந்து எடுத்துக்கொள்வார்கள். தொட்டித் தண்ணீரை அன்றைக்கே பம்ப் வைத்துக் காலி செய்து, உள் உறையை எறிந்துவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதுவரை அந்த அறைக் கதவு பூட்டியே இருக்கட்டும்.